துருவ நட்சத்திரம் பதினோரு டிகிரியில்: டெலஸ்கோப் கேள்வி பதில்

வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே புலம்பல்தான். "வாங்கியாச்சு, மாட்டியாச்சு, ஒண்ணும் தெரியலீங்க." அதனால் கிரகணம், வால்நட்சத்திரம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை பொருத்துவது, நேர்செய்வது மட்டும்தான். பீளமேட்டில் காலமெல்லாம் டூல் ரூமில் நின்றவன் நான். வானத்தைப் பற்றிப் பேசுவதைவிட ஸ்க்ரூவைப் பற்றிப் பேசுவது எனக்குச் சுலபம்.

கேள்வி: ஆறு அங்குல நியூட்டோனியன் (ஒளியைக் கண்ணாடியில் பிடிக்கும் டெலஸ்கோப்) வாங்கினேன். ஈக்குவடோரியல் மவுண்ட், அதாவது சாய்ந்த அச்சில் திரும்பும் தாங்கி. அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஆனால் மவுண்டின் டிகிரி அளவு 20-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. நம்ம ஊர் 11 டிகிரி என்கிறார்கள். கடைக்காரரைக் கேட்டால் "அப்படியே வெச்சுக்குங்க" என்றுவிட்டார். மவுண்டை மாற்ற வேண்டுமா?
*(ஜவுளிக்கடைக்காரர், தாராபுரம்)*

மாற்ற வேண்டாம். கடைக்காரர் சொன்ன மாதிரி அப்படியே வைக்கவும் வேண்டாம்.

அந்த அச்சு எதற்காகச் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாக விளங்கும். பூமி சுழலும் அச்சுக்கு இணையாக மவுண்டின் ஓர் அச்சை வைத்துவிட்டால், பூமி கிழக்கே சுழலச் சுழல நாம் அந்த ஒரே அச்சை மேற்கே திருப்பிக்கொண்டிருந்தால் போதும். நட்சத்திரம் ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை) விட்டு ஓடாது. அந்தச் சாய்வு உங்கள் ஊரின் அட்சரேகைதான். தாராபுரம், பொள்ளாச்சிக்கு 10.7. கோவைக்கு 11, ஈரோட்டுக்கு 11.3, சேலத்துக்கு 11.7.

ஊட்டிப் பக்கம் போனால் முத்தொரையில் ரேடியோ டெலஸ்கோப்பை ஒருக்கா பார்த்துவிட்டு வாருங்கள். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி 1970-ல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காக 11 டிகிரி சரிவுள்ள மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேலேயே நீளவாக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். சரிவும் அட்சரேகையும் ஒன்றானதால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணை. அந்த ஓர் அச்சில் மட்டும் உருட்டியே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து போகிறார்கள். உங்கள் வீட்டு மவுண்ட் செய்வதும் இதே வேலைதான். அவர்களுக்கு மலைச்சரிவு, உங்களுக்கு ட்ரைபாட்.

ட்ரைபாட் மட்டமாகத்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. அச்சு துருவத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மவுண்டை 20-லேயே இறுக்கிவிட்டு, ட்ரைபாடை வடக்குப் பக்கமாக ஒன்பது டிகிரி சொச்சம் சாய்த்துவிடுங்கள். கால்களுக்கு நடுவே 80 செ.மீ. இடைவெளி இருந்தால், வடக்கே நிற்கும் காலை 11 செ.மீ. போலக் குறைக்க வேண்டிவரும். மவுண்டில் ஒட்டியிருக்கும் டிகிரி ஸ்டிக்கரை நம்பாதீர்கள். டியூபை அச்சுக்கு இணையாகத் திருப்பி, அதன் முதுகில் சாய்மானம் காட்டும் ஆப்பைப் போட்டு ஃபோனை வையுங்கள். 10.7 காட்டும்வரை காலை ஏற்றி இறக்குங்கள். அதற்கு முன்னால் அந்த ஃபோன் யோக்கியமானதா என்று, ரசமட்டம் வைத்துப் பார்த்த மேசைமேல் ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லையும் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அச்சு இவ்வளவு தாழ்ந்து படுத்திருப்பதால் எதிர் எடைத் தண்டு கீழே வரும்போது கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாகத் தொங்கும். எடை வடக்குக் காலில் இடிக்கும். மவுண்டின் அடியில் உள்ள முளையை இடம் மாற்ற வழி இருந்தால், வடக்கே காலுக்குப் பதில் இரண்டு கால்களின் இடைவெளி வருகிற மாதிரி திருப்புங்கள். அப்போது வடக்குக் காலைக் குறைப்பதற்குப் பதில் தெற்குக் காலை உயர்த்த வேண்டும். முளையை மாற்ற வழியில்லை என்றால் இன்னொரு எடை வாங்கிச் சேர்த்து, இரண்டையும் தண்டில் மேலே ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: தாத்தா, ஃபைண்டரில் (டியூபின் மேல் இருக்கும் குட்டி டெலஸ்கோப்பில்) நிலா நடுவில் இருக்கிறது. பெரிய டெலஸ்கோப்பில் பார்த்தால் இருட்டாக இருக்கிறது. என்ன செய்வது?
*(பிளஸ் டூ மாணவி, கோபிசெட்டிபாளையம்)*

கண்ணு, ஃபைண்டரும் டியூபும் வேறு வேறு பக்கம் பார்க்கின்றன, அவ்வளவுதான். ராத்திரியில் இதைச் சரிசெய்யப் போகாதே. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தூரத்தில் அசையாத ஒன்றைப் பிடி. செல்ஃபோன் டவரின் உச்சி நல்லது. குறைந்த சக்தி ஐபீஸ் போட்டு டவரின் உச்சியை டியூபில் நடுவுக்குக் கொண்டுவா. அப்புறம் டியூபை அசைக்காமல் ஃபைண்டரின் ஸ்க்ரூவை மட்டும் திருகி, அதே உச்சியைக் குறுக்குக் கோட்டில் நிறுத்து. பிறகு சக்தி கூடிய ஐபீஸ் போட்டு இன்னொரு தடவை செய்.

டவர் ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஃபைண்டர் டியூபின் நடுவிலிருந்து 15 செ.மீ. விலகி இருக்கிறது என்று வைத்துக்கொள். நூறு மீட்டரில் இருக்கும் தென்னையைப் பார்த்துச் சரிசெய்தால் நிலாவில் ஆறில் ஒரு பங்கு அகலத்துக்குத் தப்பும். ஒரு கிலோமீட்டரில் அந்தப் பிசகிலும் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் டியூபையும் திருப்பாதே, ஃபைண்டரையும் திருப்பாதே. ஒரு நொடி போதும் கண் போவதற்கு. வீட்டில் பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வடக்கே மூன்று மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. துருவ நட்சத்திரம் தெரிய வழியே இல்லை. காம்பஸ் வைத்தால் இடத்துக்கு இடம் வேறு வடக்கு காட்டுகிறது. அச்சைத் துருவத்துக்கு நேராக்கும் போலார் அலைன்மென்ட் எப்படிச் செய்வது?
*(வங்கி ஊழியர், ஈரோடு)*

மாடித் தளத்தில் கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடுகிறது. மவுண்டிலும் இரும்பு இருக்கிறது. காம்பஸ் குழம்பத்தான் செய்யும். அதை எடுத்து உள்ளே வையுங்கள்.

வடக்கைச் சூரியனிடமே கேட்கலாம். துணி காயப்போடும் கம்பியில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். காற்று இருந்தால் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கிவிடுங்கள், ஆடாது. சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அந்த நூலின் நிழல் தரையில் போடும் கோடுதான் வடக்கு தெற்கு. ஆனால் உச்சி என்றால் கடிகாரத்தில் 12 மணி இல்லை. நம் நாட்டு நேரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு உரியது. கொங்கு நாடு 77 முதல் 78 வரை. அந்த வித்தியாசத்தால் சராசரியாக இருபது நிமிடம் தள்ளிப் போகும். அதற்கு மேல் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். கோவையில் நவம்பர் தொடக்கத்தில் 12.06, பிப்ரவரி நடுவில் 12.36. சுலப வழி, உங்கள் ஊரின் உதயம், அஸ்தமன நேரங்களை ஃபோனில் பார்த்து நட்டநடு நேரத்தை எடுத்துக்கொள்வது. காலண்டர் தாளில் இருப்பதை எடுக்காதீர்கள். அது வேறு ஊருக்குக் கணக்குப் போட்டதாக இருக்கலாம். சென்னைக்கும் கோவைக்குமே 13 நிமிடம் வித்தியாசம்.

மார்கழியில் செய்வதுதான் உத்தமம். நிழல் நீளமாக விழும். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து தொங்கினால் இரண்டு மீட்டர் கோடு கிடைக்கும். அப்போதும் நேரத்தில் ஒரு நிமிடம் தவறினால் கோடு 0.4 டிகிரி திரும்பிவிடும். சித்திரையில் முயற்சி செய்து என்னைத் திட்டாதீர்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நம் பக்கம் சூரியன் நடு உச்சியில் வந்து நிழலே இல்லாமல் செய்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே விழும். கோடு சரிதான், ஆனால் குட்டை.

கோட்டைப் பெயின்ட்டில் அழுத்திப் போட்டுவிட்டு, மவுண்டின் அச்சை அதற்கு இணையாக நிறுத்துங்கள். உயரத்துக்கு மேலே தாராபுரத்துக்காரருக்குச் சொன்ன ஃபோன் வழி. இதிலேயே ஒரு டிகிரிக்குள் வந்துவிடலாம். ஒரு டிகிரி பிசகினால் நட்சத்திரம் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சமாக அரை நிலா அகலம்தான் விலகும். கண்ணால் மட்டும் பார்ப்பவர் இதோடு நிறுத்திக்கொண்டு பார்க்கப் போகலாம். நிறையப் பேர் பார்ப்பதை விட்டுவிட்டு ராத்திரி பூராவும் அலைன்மென்ட் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்றால்தான் அடுத்த படி, டிரிஃப்ட் முறை. அதாவது நட்சத்திரம் நழுவுவதை வைத்து அச்சைத் திருத்துவது. வான நடுக்கோட்டை (பூமத்தியரேகைக்கு நேர்மேலே வானில் ஓடும் கோட்டை) ஒட்டிய ஒரு நட்சத்திரம் வேண்டும். ஓரியனின் இடுப்புப் பட்டையில் முதலில் உதிக்கும் மின்டாகா கச்சிதம். தை மாதத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் நம் தலைக்குச் சற்றே தெற்கில் உச்சியைக் கடக்கும். அதைக் குறுக்குக் கோட்டு ஐபீஸில் நிறுத்தி, மோட்டாரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கிழக்கு மேற்காக நகர்வதைக் கண்டுகொள்ள வேண்டாம். தெற்கே நழுவினால் உங்கள் அச்சு கிழக்கே தள்ளி இருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் அச்சு மேற்கே தள்ளி இருக்கிறது, கிழக்கே திருப்புங்கள். அது அடங்கியதும், நடுக்கோட்டை ஒட்டியே கிழக்கில் இருபது முப்பது டிகிரி உயரத்தில் இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்வு, வடக்கே நழுவினால் உயரம். ஐபீஸில் எது வடக்கு, எது தெற்கு என்று தலையைக் குடைய வேண்டாம். டியூபின் முனையை வடக்குப் பக்கமாக லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். நட்சத்திரம் எந்தப் பக்கம் போகிறதோ அது தெற்கு.

எல்லாம் முடிந்தபின் ட்ரைபாடின் மூன்று காலடியையும் பெயின்ட்டால் வட்டமிட்டு வையுங்கள். அடுத்த முறை கால்களை அதில் நிறுத்தினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

கேள்வி: மாடியில் வைத்தால் வியாழன் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. காற்றும் இல்லை. மவுண்டில் கோளாறா?
*(சோமனூர் வாசகர்)*

கீழே தறி ஓடுகிறதா? கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் சோமனூர் என்று பார்த்ததும் கேட்கத் தோன்றியது. பக்கத்து வீட்டில் ஓடினாலும் போதும், கட்டடம் அதிரும். நூறு மடங்கு பெரிதாக்கும் ஐபீஸ் அந்த அதிர்வையும் நூறு மடங்காக்கும். கரன்ட் போய்த் தறி நிற்கும்போது பாருங்கள். படம் கம்முனு நின்றால் மவுண்ட் மேல் குற்றம் இல்லை. டெலஸ்கோப்பைக் கீழே இறக்கி மண் தரையிலோ தோட்டத்துக் களத்திலோ வைத்துவிடுங்கள்.

கேள்வி: காலிமேஷனுக்காக (டெலஸ்கோப்பின் கண்ணாடிகளை நேர்செய்ய) லேசர் வாங்கினேன். அதை வைத்துத் துல்லியமாகச் சரிசெய்தும் நட்சத்திரம் வால் முளைத்தது மாதிரி தெரிகிறது. லேசரைத் திருப்பிப் போட்டால் புள்ளி வேறு இடத்தில் விழுகிறது.
*(பொறியியல் மாணவர், கோவை)*

பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது தம்பி. முதலில் நேர்செய்ய வேண்டியது டெலஸ்கோப்பை அல்ல, லேசரை.

கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் வி-பிளாக் (V வடிவப் பள்ளம் உள்ள இரும்புக் கட்டை) இருக்கும். அதைக் கிளாம்ப் போட்டு மேசையில் பிடித்து, லேசரின் உருளையை அதில் படுக்க வைத்து, ஏழெட்டு மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக இருக்கட்டும், லேசர் யார் கண்ணிலும் படக்கூடாது. இப்போது உருளையை மெதுவாக உருட்டுங்கள். முன்னும் பின்னும் நகராமல் இருக்க ஒரு விரலால் தடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் லேசர் நல்லது. தாளில் வட்டம் போட்டால் லேசர் கோணல். உடம்பில் மூன்று இடத்தில் ரப்பர் மாதிரி பசை அடைத்திருப்பார்கள். அதை ஊசியால் நோண்டினால் உள்ளே தலையில்லாத கிரப் ஸ்க்ரூ இருக்கும். சின்ன ஆலன் கீ போட்டு, புள்ளியை அந்த வட்டத்தின் மையத்தை நோக்கி நகர்த்துங்கள். மறுபடி உருட்டுங்கள். லேத்தில் நாலு ஜா சக்கில் வேலையை சென்டர் பண்ணுகிற மாதிரிதான் இது. டயல் காட்டும் மொத்தப் பிசகில் பாதியை மட்டும் எடுக்க வேண்டும். முழுவதையும் எடுத்தால் அந்தப் பக்கம் போய்விடும். வட்டம் சுருங்கிப் புள்ளியாகும்வரை விடாதீர்கள். கடைகளில் வரும் மலிவு லேசர்கள் நேராக இருக்கும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். எல்லா மாடலிலும் இந்த ஸ்க்ரூ இருக்காது; இல்லாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு செஷயர் ஐபீஸ் (கண்ணால் பார்த்தே காலிமேஷன் செய்யும் குழல்) வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டரி வேண்டாம், கோணல் ஆகவும் ஆகாது. என் ஓட்டு அதற்குத்தான்.

லேசர் சரியானபின் டியூபைப் படுக்கை வாட்டத்தில் வையுங்கள். நிமிர்த்தி வைத்துக்கொண்டு செகண்டரியில் (டியூபின் வாய்ப்பக்கம் இருக்கும் சின்னக் கண்ணாடியில்) ஆலன் கீ போட்டால், கை நழுவும் அன்றைக்கு அது நேராகப் பெரிய கண்ணாடியில் விழும். செகண்டரியின் மூன்று ஸ்க்ரூவால் புள்ளியைப் பெரிய கண்ணாடியின் நடுவிலுள்ள வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். பிறகு அடிப்பக்கம் போய், பெரிய கண்ணாடியின் ஸ்க்ரூக்களைத் திருகி, திரும்பி வரும் புள்ளியை அது கிளம்பிய ஓட்டைக்குள்ளேயே அனுப்புங்கள். ஒன்றை இறுக்குவதற்கு முன் மற்றதைத் தளர்த்துங்கள்.

கடைசிச் சோதனை நட்சத்திரத்தில். 150, 200 மடங்கில் ஃபோகஸைச் சற்று விலக்கினால் வளையங்கள் தெரியும். நடு நிழல் ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்க வேண்டும். இதைத் துருவ நட்சத்திரத்தில் பாருங்கள், நகராது என்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு அது பாதி வானத்தில் நிற்கிறது. நமக்குப் பதினோரு டிகிரியில், அத்தனை காற்றையும் தாண்டி வரும்போது கொதிக்கிற மாதிரி இருக்கும். உயரத்தில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வைத்த டெலஸ்கோப் ஆற ஒரு மணி நேரமாவது விடுங்கள். சூடு இருக்கும் கண்ணாடியில் காலிமேஷன் பார்ப்பது வீண் வேலை.

கேள்வி: கோட்டோ டெலஸ்கோப், சொன்னதைத் தானே தேடிப் போகும் மோட்டார் வகை. சனியைக் காட்டு என்றால் தென்னை மரத்தைக் காட்டுகிறது. சர்வீஸுக்கு அனுப்பலாமா?
*(லாரி உரிமையாளர், நாமக்கல்)*

பொறுங்கள். முதலில் தேதியைப் பாருங்கள். கோட்டோவை இயக்கும் கைப்பெட்டிகள் பல, அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் கேட்கும். ஜனவரி 5 என்று நினைத்து 05, 01 என்று அடித்தால் அது மே 1 என்று எடுத்துக்கொள்ளும். வானம் ஏழரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போய்விடும். சனிக்குப் பொருத்தமான கணக்குதான். அடுத்தது நேர மண்டலம். நமக்கு கூட்டல் 5.30. வெறும் 5 என்று போட்டால் அரை மணி பிசகு, வானத்தில் 7.5 டிகிரி. அங்கேயும் ஏழரை. டேலைட் சேவிங் என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். தீர்க்கரேகை 78 கிழக்கு. மேற்கு என்று இருந்தால் நாமக்கல் அமெரிக்கப் பக்கம் போய்விடும்.

இதெல்லாம் சரியானபின் இரண்டு நட்சத்திர அலைன்மென்ட். பெட்டி இங்கிலீஷில் கேட்கும் நட்சத்திரங்கள் பாதி உங்களுக்குத் தெரிந்தவைதான். ஸ்பைகா என்றால் சித்திரை, ஆர்க்டரஸ் சுவாதி, ரெகுலஸ் மகம், அண்டாரஸ் கேட்டை, அல்டிபரான் ரோகிணி, பீட்டல்ஜூஸ் திருவாதிரை. ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி இருக்கும் இரண்டை எடுங்கள். தலைக்கு நேர்மேலே இருப்பதும் அடிவானத்தை ஒட்டியதும் வேண்டாம். நடுவுக்குக் கொண்டுவரும்போது கடைசி அசைவு எப்போதும் ஒரே திசைகளில் முடியட்டும். மேல், வலது என்று வழக்கம் வைத்துக்கொள்ளலாம். கியரில் உள்ள பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம்) அப்போதுதான் ஒரே பக்கம் ஒதுங்கும்.

கேள்வி: எட்டு அங்குல டாப்சோனியன் வைத்திருக்கிறேன். இதற்கு அலைன்மென்ட் ஒன்றுமே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?
*(விவசாயி, காங்கேயம்)*

மவுண்டுக்கு வேண்டாம். தரையில் வைத்துத் தள்ளினால் போகும், அதுதான் அதன் அழகு. ஃபைண்டரும் காலிமேஷனும் மட்டும் மேலே சொன்னபடி. சாளையிலிருந்து களத்துக்குத் தூக்கி வரும்போதே காலிமேஷன் அசையும், ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை பாருங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது டியூபைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கட்டித்தாரைச் சுவருக்குக் கிழக்கே ஒதுக்கி வையுங்கள். கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும். துடைக்கத் துணியைக் கையில் எடுத்தால் மட்டும், துடைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.